பன்னிரண்டு பட்டை தேவபிரசாதம்

நின்றிருக்கும் எந்த வண்டியின் பின்பக்கத்தைக் கண்டாலும் தேவபிரசாதம் அதில் ஒருதரம் உட்கார்ந்து எழுந்துவிடுவார். யாருடைய வண்டி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அநாவசியம். எழுந்த பிறகு வண்டி எத்தனை தரம் ஆடி ஓய்கிறது என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். தாசில்தாரின் ஜீப்பில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த பிளஷர் காரில், மாப்பிள்ளை மாலையோடு உள்ளே இருக்கும்போதே உட்கார்ந்து எழுந்து, "இடப்பக்கம் செத்துப் போச்சு" என்று சகுனமும் சொல்லியிருக்கிறார். பெண் வீட்டார் அவரை அடிக்காமல் விட்டது ஊர் செய்த புண்ணியம்.

திருச்செந்தூர் ரோட்டில் உப்பளத்து லாரிகள் திரும்பும் முக்கில் அவருடைய கமான் பட்டைக் கடை இருக்கிறது. வண்டியின் பாரத்தைத் தாங்குவதற்கு அச்சின் மேல் அடுக்கடுக்காக வளைத்துக் கட்டியிருக்கும் இரும்புப் பட்டைகள்தான் அவர் தொழில். உடைந்ததை மாற்றுவார், படுத்துவிட்டதை உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, எண்ணெயில் முக்கி எடுப்பார். எதிர்ச்சாரியில் ஒரு கப்பல் ஏஜென்ஸியில் நான் குமாஸ்தா. அந்தச் சம்மட்டிச் சத்தத்தில் காது மந்தமானதால் மானேஜர் திட்டுவது எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. அந்த வகையில் தேவபிரசாதத்துக்கு நான் கடமைப்பட்டவன்.

பெரிய டாக்டர்களைப் போல அவரும் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் கொடுப்பார்: "கூட ரெண்டு பட்டை போடு." வண்டி தாழ்ந்தால் இரண்டு பட்டை. ஒருபக்கம் சாய்ந்தால் இரண்டு பட்டை. பிரேக் பிடிக்கவில்லை என்று வந்தவனுக்கும் இரண்டு பட்டை போட்டு அனுப்பியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். வண்டி செய்த கம்பெனி இவ்வளவுதான் பாரம் ஏற்றலாம் என்று தகட்டில் அடித்து வைத்திருப்பதைக் காட்டினால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"அவன் நம்ம உப்பை ஏத்திப் பாத்தானாவே? ஏத்திப் பாத்தவன் நானு."

இருபத்தேழு வருஷத் தொழிலில் போட்ட பட்டையைக் கழற்றியதில்லை என்பது அவருடைய பெருமை. அவர் கை பட்ட லாரி காலியாக நிற்கும்போது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஓட்டுகிறவன் முதுகு என்ன ஆகும் என்று கேட்டால், "உப்புக்கு முதுகு உண்டா?" என்பார். டிரைவரை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

புதுத் துறைமுகம் திறந்த மறுவருஷம் மாசி மாதம், கருப்பட்டி மண்டி சிவனணைந்தபெருமாள் ஒரு வீட்டையே ஓட்டிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தார். ராணுவம் கழித்துக் கட்டிய பழைய பிக்கப் வண்டி. அதன் முதுகில் கதவு, ஜன்னல், ஓட்டுக்கூரை போல் சரித்த தகரம் எல்லாம் வைத்த ஒரு மர அறை. வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்திருந்தது. பின் டயர்கள் மட்கார்டில் உரசி, ரப்பர் கருகும் வாடை ஏஜென்ஸி வரைக்கும் வந்தது.

வீட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. மண்டி அவர் பெயரில் நடந்தாலும் அதை நடத்தியது அவர் மனைவி செண்பகத்தம்மாளின் நாக்கு. கருப்பட்டியில் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கு நுனியில் வைத்தால் போதும், சீனி கலந்ததா, சுண்ணாம்பு கூடியதா, போன வருஷத்துச் சரக்கா என்று சொல்லிவிடுவார். உடன்குடிப் பக்கம் பனங்காட்டுக்குள் அந்த அம்மாள் வருகிறார் என்றால் கலப்படக்காரன் பானையைக் கவிழ்த்துவிட்டு ஓடுவான் என்பார்கள். அப்படிப்பட்டவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஒன்றரை வருஷமாகப் படுக்கை. உட்கார முடியாது, பஸ்ஸில் போக முடியாது. போன சீசனில் கணவர் தனியாகப் போய், தன் நாக்கை நம்பிக் கொள்முதல் செய்தார். அந்தச் சரக்கை மண்டியில் எறும்புகூடச் சீண்டவில்லை. இந்தச் சீசனும் அப்படிப் போனால் மண்டிக்குப் பூட்டுத்தான். ஆகவே செண்பகத்தம்மாள் படுத்தபடியே பனங்காட்டுக்குப் போவதென்று முடிவு செய்தார். வண்டியில் கட்டில் வேண்டும், வெயில் படாமல் அறை வேண்டும்.

அறையைச் செய்யும் பொறுப்பைச் சிவனணைந்தபெருமாள் திரேஸ்புரத்தில் தோணி கட்டும் வளன் மேஸ்திரியிடம் கொடுத்தார். ஊரில் வேறு தச்சர் இல்லாத மாதிரி. வளன் மேஸ்திரி தமக்குத் தெரிந்ததைச் செய்தார். இரண்டு அங்குலப் பலகை, இடுக்குக்கு இடுக்கு பஞ்சும் குங்கிலியமும், நடுவில் ஒரு முழு உத்தரம். பாய்மரம் ஒன்றுதான் பாக்கி. கடலில் இறக்கியிருந்தால் கொழும்புக்குப் போயிருக்கும். பிக்கப் வண்டி தரையில் ஓடுவது என்பதை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை போலும்.

தேவபிரசாதம் வழக்கம்போல் பின்னால் உட்கார்ந்து எழுந்தார். வண்டி அசையவே இல்லை. அசைவதற்கு அதில் இடம் இல்லை.

"அண்ணாச்சி, இதுக்குள்ள யாரு இருக்கப் போறா?"

"எங்க வீட்ல உள்ளவ. படுத்துட்டேதான் வருவா. வரும்போது சரக்கும் ஏத்தணும்."

"கவலைய விடும். தாழாது."

பக்கத்துக்கு ஏழு பட்டை இருந்த இடத்தில் பன்னிரண்டு போட்டார். அத்தனையையும் சேர்த்து அச்சோடு இறுக்கும் அளவுக்கு நீளமான யூ போல்ட் கடையில் கிடைக்காமல் தாமே கம்பியை வளைத்துச் செய்தார். பிறகு பரீட்சை. உப்பு லாரிக்காரர்களுக்கு இவர் வைக்கும் அதே பரீட்சை: அறைக்குள் பத்து மூட்டை உப்பை அடுக்கி, வண்டியை ரோட்டில் ஓடவிட்டு, பின்னாலேயே சைக்கிளில் போய்ப் பார்ப்பது. செண்பகத்தம்மாளுக்கு ஒரு மூட்டை, தண்ணீருக்கு ஒன்று, மற்றது சரக்கு என்று கணக்கு. வண்டி தாழவில்லை. டயர் எங்கும் உரசவில்லை. உப்பு மூட்டைகள் பத்தும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் போய்த் திரும்பின. தேவபிரசாதம் பக்கத்து டீக்கடையில் அன்று இரண்டு டீ குடித்தார்.

மறுநாள் செண்பகத்தம்மாளை ஏற்றிக்கொண்டு வண்டி புறப்பட்டது. முத்தையாபுரத்தைத் தாண்டவில்லை, அரைமணியில் திரும்பி வந்துவிட்டது. ஜன்னல் வழியாக ஒரு முகம் தெரிந்தது. வலியில் வெளுத்திருந்தாலும் குரலுக்கு ஒரு குறையும் இல்லை.

"ஏ அண்ணாச்சி, இங்கன வாங்க. என்ன போட்டிருக்கீங்க இதுல?"

"பன்னெண்டு பட்டை, தங்கச்சி. வண்டி தாழ்ந்துச்சா? தாழலைல்லா?"

"வண்டி தாழல. நாந்தான் எழும்புதேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கூரையத் தொட்டுட்டு வாரேன்."

"பத்து மூடை ஏத்திப் பாத்தம்லா. ஒண்ணும் சொல்லலியே."

"மூடை சொல்லுமா அண்ணாச்சி? அதுக்கு இடுப்பா ஒடிஞ்சிருக்கு?"

டீக்கடையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கட்டில் சட்டத்தை இன்னும் விடாமல் பிடித்திருந்தார். "பங்குனி பொறந்தா பதனி எறங்கிரும். நான் போகலைன்னா இந்த மனுசன் மறுபடியும் மண்ண வாங்கிட்டு வருவாரு" என்றார். அந்த மனுசன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த அம்மாள் கேட்டது எளிய காரியம். தம்மை இறக்கிக் கடை நிழலில் கயிற்றுக் கட்டிலில் போடச் சொன்னார். தேவபிரசாதத்தை வண்டிக்குள் ஏறிப் படுக்கச் சொன்னார்.

"நான் எதுக்கு தங்கச்சி? எனக்குத் தெரியாதா?"

"படுங்க அண்ணாச்சி. முத்தையாபுரம் வரைக்கும்தான்."

வண்டி போய் வந்தது. கதவு திறந்தது. தேவபிரசாதம் உடனே இறங்கவில்லை. முதலில் ஒரு கால் வந்தது. நெடுநேரம் கழித்து இன்னொரு கால் வந்தது. நெற்றியில் வளன் மேஸ்திரியின் உத்தரம் ஒரு முத்திரை வைத்திருந்தது. இருபத்தேழு வருஷமாக எத்தனை டிரைவர்களை அந்த மனிதர் இப்படி அனுப்பினாரோ, அவ்வளவு பேருடைய சாபமும் ஒரே நடையில் பலித்திருக்க வேண்டும்.

நேரே கடைக்குள் போனார். ஜாக்கியைக் கொடுத்து வண்டியைத் தூக்கினார். யூ போல்டைத் தளர்த்தினார். பக்கத்துக்கு ஐந்து பட்டையை, தம் கையாலேயே, கழற்றிக் கீழே போட்டார். இந்த அதிசயத்தைப் பார்க்க நான் மானேஜரிடம் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த ஆறு நாளும் அவரோடு மல்லுக்கட்டியவர் வளன் மேஸ்திரி. பாரத்தைக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை அன்றைக்குத்தான் தேவபிரசாதத்துக்கு முதன்முதலாக உதித்திருந்தது. "பலகைய இழைச்சு மெலிசாக்கும்வே" என்றார். "அலை அடிச்சா தாங்காதுவே" என்றார் மேஸ்திரி. உடன்குடி போகிற வழியில், முக்காணியில் எங்கே அலை அடிக்கிறது என்று யாராலும் அவருக்கு விளக்க முடியவில்லை. கடைசியில் செண்பகத்தம்மாள் ஆள் அனுப்பி மேஸ்திரியை வீட்டுக்கு வரவழைத்தார். என்ன பேசினாரோ, மறுநாள் உத்தரம் தானாகவே இறங்கிவிட்டது. தேவபிரசாதம் நீளமான மெல்லிய பட்டைகளாகத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று உரசாமல் கிரீஸ் தடவி அடுக்கினார். அவற்றின் மேலே சற்று இடைவெளி விட்டு இரண்டு தடித்த பட்டைகளைத் தனியாகக் கட்டினார். சரக்கு ஏறி வண்டி அமுங்கினால் மட்டும் அவை பாரத்தில் பங்கு கேட்கும். ஆள் மட்டும் படுத்திருந்தால் சும்மா இருக்கும். இந்த முறை உப்பு மூட்டை ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் அவரே படுத்துப் போய் வந்தார். நாலு தடவை முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினார். ஐந்தாவது தடவை சுளிக்கவில்லை.

பங்குனி முதல் வெள்ளி வண்டி உடன்குடிக்குப் போனது. மறுநாள் நல்ல வெயிலில், உலையில் பழுத்த பட்டையை எடுத்துத் தேவபிரசாதம் அடித்துக்கொண்டிருந்தபோது திரும்பி வந்து கடை முன்னால் நின்றது. சிவனணைந்தபெருமாள் இறங்கி வந்தார்.

"சரக்கு எப்படி அண்ணாச்சி?"

"எட்டுப் பேரத் திருப்பி அனுப்பிட்டா. ஒம்பதாவது ஆளுகிட்டதான் எடுத்தா. ஒங்ககிட்ட என்னமோ சொல்லணும்னா. போய்க் கேளுங்க."

தேவபிரசாதம் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். கருப்பட்டி நிறைந்த ஓலைக் கொட்டான்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. நடுவில் கட்டிலில் செண்பகத்தம்மாள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பின்னாலேயே ஓர் உப்பு லாரி வந்து, வழிமறித்து நின்ற வீட்டைப் பார்த்து எரிச்சலோடு நின்றது. தேவபிரசாதம் ஓடிப்போய் அதன் படியில் தாவி ஏறினார். ஹாரனுக்குப் போன டிரைவரின் மணிக்கட்டைக் கரிக்கையால் பிடித்துக்கொண்டு, அந்த வீடு கிளம்பிப் போகிறவரைக்கும் விடவில்லை.