காட்டுக்குப் போகும் வழியில் ஒரு கண்மலர்

அந்தப் படத்தில் ஒரு மரம் எங்கே முடிகிறது, அடுத்த மரம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

என் வேலை அப்படிப்பட்டது. வீட்டில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் வரும் படங்களில் இருக்கும் பொருள்களைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும். கார் வந்தால் காரைச் சுற்றி, நாய் வந்தால் நாயைச் சுற்றி. எந்திரத்துக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறோமாம். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலை மழைக்காட்டுப் படங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாகக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். தனித்தனியாகவா? வேர்மேல் வேர், அடிமரத்தைச் சுற்றிக் கொடி, கொடியின்மேல் பாசி, பாசிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் இன்னொரு செடி. ஒரே படத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டேன். கட்டம் எதுவும் போடாமல் எழுந்து ஜன்னலருகே போனேன். எதிரே தைலமரத் தோப்பு. எங்கள் பொன்னமராவதிப் பக்கம் தைலமரங்கள் பிரேயருக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கும். அவற்றுக்குக் கட்டம் போடக் கண்ணே வேண்டாம்.

எனக்கு இருபத்து நாலு வயது. திருச்சியில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவள். ஈரமான காடு ஒன்றுக்குள் ஒரு தடவைகூட நின்றதில்லை. "போகணும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். வீட்டில் யாருமில்லை. அம்மா சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறார். மூன்று மணிக்கு முன் வர மாட்டார். அண்ணன் சிங்கப்பூரில். பகல் முழுக்க என் குரலை நானே கேட்காத நாள்கள் நிறைய உண்டு. அதனால் அந்த ஒரு சொல் எனக்கே புதிதாக இருந்தது.

மத்தியானத்துக்குள் ஒரு தேசியப் பூங்காவைக் கண்டுபிடித்துவிட்டேன். பழனி வழியாகப் போய், அங்கிருந்து அரை நாள் பஸ் பயணம். மழைக்காட்டுக்குள் ஒரு நாள் நடை. வழிகாட்டி ஒருவர் உடன் வருவார். மாசி பாதியில் காட்டுத்தீக்குப் பயந்து பாதையை மூடிவிடுவார்கள். எல்லாம் சரி, ஒரே ஒரு விதிதான்: நாலு பேருக்குக் குறைந்தால் உள்ளே விட மாட்டார்கள்.

நாலு பேர்தானே. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்களே நாங்கள் நாலு பேர். அன்று சாயங்காலமே வாட்ஸப்பில் 'மழைக்காடு' என்று ஒரு குரூப் தொடங்கினேன்.

"ஏய் சூப்பர்டி! எந்தத் தேதின்னு மட்டும் சொல்லு, பறந்து வாரேன்" என்றாள் பெங்களூரில் வேலை பார்ப்பவள். பத்து நாள் கழித்து, "லீவுன்னு சொன்னாலே மேனேஜர் மொறைக்கிறான்டி" என்றாள். கல்யாணமானவள், "அவங்கள்ட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மூன்றாமவள் அறந்தாங்கிக்காரி. அவள் மட்டும் போன் பண்ணினாள்.

"ரெண்டு வருசம் கழிச்சு அப்பா துபாய்லேருந்து வாராங்கடி. ஒரு மாசந்தான் இருப்பாங்க. அவங்கள விட்டுட்டு நான் எப்பிடிடி காட்டுக்குப் போவேன்?"

"எப்பிடிப் போவ?" என்றேன் நானும். வேறு என்ன சொல்வது? யாருடைய காரணமும் பொய்க் காரணமில்லை. யார்மேலும் கோபப்பட வழியில்லாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. குரூப்பை யாரும் விட்டுப் போகவில்லை. வாங்கிய பூட்ஸின் படம், எடுத்துப்போகும் பொருள்களின் பட்டியல், அட்டை கடித்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் அதில் போட்டுக்கொண்டே இருந்தேன். நீல நிற டிக் விழும். அவ்வளவுதான்.

"யாரு கூடப் போற?" என்று அம்மா கேட்டார்.

"பிரண்ட்ஸ் கூட."

"எத்தன பேரு?"

"நாலு பேரும்மா."

அம்மாவும் பூங்காக்காரர்களும் ஒரே விதியைத்தான் வைத்திருந்தார்கள். அம்மா நிம்மதியாகத் தோசை ஊற்றப் போனார்.

ஆள் இல்லாவிட்டால் என்ன, ஏற்பாட்டை நிறுத்தக் கூடாது என்று எனக்கொரு வீம்பு. மழைக்கோட்டு ஒழுகுமா என்று சோதிக்க மழை வேண்டும். மார்கழியில் எங்கள் ஊரில் அது எங்கே கிடைக்கும்? சித்தப்பா வயலில் மோட்டார் ஓடிய நேரம் பார்த்து, கோட்டை மாட்டிக்கொண்டு பம்புசெட் தொட்டிக்குள் இறங்கிக் குழாயடியில் நின்றேன். உச்சி வெயில். வரப்பில் போன பக்கத்து வயல் அக்கா நின்று பார்த்தார்.

"என்னடி, குளிக்கிறதுக்குக் கோட்டா?"

"ஒழுகுதான்னு பாக்குறேங்க்கா."

"தொட்டிக்குள்ள நின்னா ஒழுகாம? நல்லாப் படிக்க வச்சாங்க போ ஒன்னைய!"

கழுத்து வழியாக ஒழுகியது. குரூப்பில் எழுதினேன். மூன்று பேரும் பார்த்ததற்கு நீல டிக்.

தை பிறந்ததும் நடைப் பயிற்சி. பையில் எட்டுக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு விடியும் நேரத்தில் மேற்கே போகும் ரோட்டில் கிளம்புவேன். பிரான்மலை தெரியும் இடம்வரை போய்த் திரும்புவேன். ஒரு வாரத்தில் புது பூட்ஸ் இரண்டு குதிகாலையும் கொப்புளமாக்கிவிட்டது. அன்று பாதி வழியில் அவற்றைக் கழற்றிப் பையில் தொங்கவிட்டு, வெறுங்காலோடு நொண்டி நொண்டி நடந்தேன். போட்டிருந்தது கல்லூரி விளையாட்டு விழாவில் கொடுத்த பச்சை டீசர்ட். எங்கள் பக்கத்தில் தை மாதத்தில் ஒருத்தி பச்சைத் துணி உடுத்தி, முதுகில் பையோடு, செருப்பில்லாமல் மேற்கே நடந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். பழனிக்குப் பாதயாத்திரை.

"ஏத்தா, இங்கிட்டு வா!"

ரோட்டோரம் கீற்றுப் பந்தல். பானையில் மோர் வைத்துக்கொண்டு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் வீங்கியிருந்தது.

"ஒத்தையிலயா வார? ஒங்க கூட்டம் எங்க?"

எனக்குக் கூட்டமே இல்லை, நான் யாத்திரையும் போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். தாகமாக இருந்தது. அதைவிட, ஒங்க கூட்டம் எங்க என்று ஒருவர் கேட்டது நன்றாக இருந்தது.

"பின்னால வாராங்க" என்றேன்.

மோரைக் குடித்து முடிப்பதற்குள் அந்த அம்மா சிரமப்பட்டுக் குனிந்து ஒரு செம்பு தண்ணீரை என் காலில் ஊற்றிவிட்டு, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காலை இழுத்துக்கொள்ளக்கூட எனக்கு நேரமில்லை. பிறகு இடுப்பில் செருகியிருந்த ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார்.

"எம்மவளுக்குக் கண்ணு ஆப்பரேசன் ஆச்சு. பார்வை நல்லபடியா திரும்புனா கண்மலர் கொண்டாந்து சேக்குறேன்னு முருகன்ட்ட வேண்டிக்கிட்டேன். நடந்து கொண்டாறேன்னு வேண்டுனது, பஸ்ல போகக் கூடாது. இந்தக் கால வச்சிக்கிட்டு நான் எங்க நடக்க? நீ சேத்துரு தாயி."

"பின்னால வாரவுங்கள்ட்ட குடுங்களேன்..."

"கூட்டத்துல குடுத்தா அவுக இவுகன்னு கைமாறித் தொலைஞ்சு போயிரும். நீ ஒத்த ஆளு. ஒனக்கு மறக்காது."

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். வெள்ளித் தகட்டில் இரண்டு கண்கள், எலுமிச்சை இலையைவிட மெலிதாக. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். எந்தப் படத்தையும் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று துப்பட்டாவால் முக்காடு போட்டுக்கொண்டு போனேன். பந்தலில் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். செல்போனில் வந்த எதையோ வாசித்துக் காட்ட, அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். ரோட்டின் எதிர்ப்பக்கமாகவே நடந்து திரும்பி வந்துவிட்டேன்.

எங்கள் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன்தான் ஊர்ப் பாதயாத்திரைக் குழுவுக்குக் குருசாமி, அதாவது கூட்டத்தை அழைத்துப் போகிறவர். பூங்காவின் விண்ணப்பத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போன சாக்கில் அந்த முடிச்சை அவர் மேசையில் வைத்தேன்.

"அண்ணே, நீங்க போகும்போது இதையும் சேத்துருவீங்களா?"

"யாரு குடுத்தது?"

சொன்னேன். பம்புசெட்டிலிருந்து மோர்ப் பந்தல்வரை எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மாதத்தில் ஒரு மனிதரிடம் நான் இவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"மோருக்காகப் பழனிக்குப் போறேன்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா." பிறகு முடிச்சை என் பக்கமே தள்ளினார். "எனக்கு இது பாரமில்ல. ஆனா அந்தம்மா ஒன் கால்லதான தண்ணி ஊத்துச்சு?"

மெஷின் பக்கத்தில் நின்ற அவர் மனைவி விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா, மூணு பேரு எடம் காலியாக் கெடக்கு?"

"ஆளு கெடைக்கலக்கா."

"காடா? அட்டை இருக்குமா?"

"இருக்கும்க்கா."

"யானை?"

"இருக்கலாம்."

"அப்ப அங்கிட்டுப் போயி என்னதான் பண்ணுவீங்க?"

"சும்மா நடக்கணும்க்கா. பாத்துக்கிட்டே நடக்கணும்."

"இந்த மனுசனும் வருசா வருசம் அதத்தான் பண்றாரு" என்றார் அக்கா, புருசனைக் காட்டி.

அண்ணன் யாத்திரைக்கு வருபவர்களின் பெயர் எழுதும் நீள நோட்டை எடுத்து விரித்தார். என் பெயரைக் கேட்டு எழுதினார். மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டேன். வழக்கம் அப்படி ஆகிவிட்டது.

"யாரு எண்ணுனா? வாரவுங்க வரட்டும்."

"நான் தனியா வாரேண்ணே."

"தெரியுது. பைய நம்ம கூட வர்ற சாமான் வண்டில போட்ரு. அந்த பூட்ஸையும் போட்ரு, கண்றாவியா இருக்கு."

நாளைக் காலையில் கிளம்புகிறோம். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "பழனி வரைக்கும் கூட்டத்தோட போற, சரி. அதுக்கு மேல?" என்றார். அதற்கு மேல் என்ன என்பது எனக்கும் தெரியாது. குரூப்பில், 'நாளைக்குக் கிளம்புறேன்' என்று எழுதினேன். அறந்தாங்கிக்காரி மட்டும் ஒரு இதயம் போட்டாள்.

பையில் கண்மலர் இருக்கிறது. மழைக்கோட்டும் அட்டைக்குப் புகையிலைத்தூளும் இருக்கின்றன. பிளாஸ்டிக் உறையில் விண்ணப்பம், என் பெயருக்குக் கீழே மூன்று கோடுகள் காலியாக. கண்மலரை உண்டியலில் சேர்த்த கையோடு அடிவாரத்தில் எல்லாரும் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். அதற்கு முன்பே கேட்டாக வேண்டும். முதலில், இந்த வருசம் கூட்டத்தோடு நடக்கப் பெயர் கொடுத்திருக்கும் ஜெராக்ஸ் கடை அக்காவைத்தான் கேட்கப் போகிறேன். அட்டையைப் பற்றி என்னிடம் விசாரித்தவர் அவர் ஒருவர்தான். வழியில் நத்தம் ஊரைத் தாண்டும்வரை பொறுத்திருப்பேன். அதற்குள் அவர் காலிலும் ஒரு கொப்புளமாவது வந்திருக்கும். எங்காவது மரத்தடியில் உட்கார்ந்து காலை நீட்டுவார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, கொப்புளத்துக்கு மஞ்சளைக் கொடுத்துவிட்டு, விண்ணப்பத்தையும் பேனாவையும் எடுக்க வேண்டும்.