உப்பங்கழிக்கு அப்பால் வந்த வீடியோ கால்

பிச்சாவரத்துக்கு நான் ஏழெட்டு முறையாவது போயிருப்பேன். எல்லாமே சுற்றுலாப் படகில் ஏறி, சுரபுன்னைக் காட்டுக்குள் ஒரு சுற்று வந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிய பயணங்கள். கடந்த பிப்ரவரியில் போனது அப்படி இல்லை. இரண்டாம் சனிக்கிழமை, எனக்கு அலுவலக விடுமுறை. முதல் நாள் சாயங்காலம் அருள் போன் செய்தான். கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது செயற்கைக்கோள் இணையத்துக்கான டிஷ் பொருத்தும் தொழில் செய்கிறான்.

“மச்சான், நாளைக்கு கிள்ளை பக்கம் ஒரு குப்பத்துக்குப் போறேன். ரோடு கெடையாது, போட்லதான் போகணும். கூட வர்ற ஆளுக்கு ஜுரம். தூக்கிப் புடிக்க ஒரு கை வேணும், வர்றியா?”

கூலி உண்டா என்று கேட்டேன். பொங்கல் வாங்கித் தருவதாகச் சொன்னான்.

காலை 5.40க்கு கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அவனுடைய மினி வேனில் கிளம்பினோம். பின்னால் நான்கடி அகல டிஷ், மூன்று கால் இரும்பு ஸ்டாண்டு, மோடம், சோலார் பேனல், இரண்டு பேட்டரி, சிமெண்ட் கட்டைகள். (முகூர்த்த நாளில் கிளம்புகிறவர்கள் இன்னும் அரை மணி முன்னதாகப் புறப்படுங்கள். திருவந்திபுரம் கோயிலுக்குப் போகும் கல்யாண வண்டிகளில் ஊரே திணறும்.) சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டும்போது முதல் ஷிஃப்டுக்கு ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரை அன்று சாயங்காலமே திரையில் பார்ப்பேன் என்று அப்போது தெரியாது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் சேர்ந்தபோது மணி 6.55, வேன் மீட்டரில் 47 கிலோமீட்டர். கீழவீதிப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் இருவருக்கும் பொங்கல், வடை, காபி 170 ரூபாய். அங்கிருந்து கிள்ளை வழியாகப் படகுத்துறைக்கு இன்னும் 15 கிலோமீட்டர்.

துறையில் செல்வம் காத்திருந்தார். முப்பது வயதிருக்கும், படகு அவருடையது. எங்கள் சாமான்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“சிமெண்ட் கட்டைய மட்டும் இங்கியே வெச்சுடுங்க சார். தண்ணி வத்திக்கினு இருக்குது. லோடு ஜாஸ்தியானா நடு வழியில தரை தட்டிடும்.”

டிஷ் ஸ்டாண்டின் கால்களை அசையாமல் பிடித்து வைக்க அருள் கொண்டுவந்திருந்த மூன்று கனமான கட்டைகள் அவை. வேறு வழியில்லாமல் கரையில் இறக்கினோம். படகு 8.20க்குக் கிளம்பியது. முக்கால் மணி நேரப் பயணம். காட்டுக்குள் நுழைந்த பத்தாவது நிமிடம் என் போனில் சிக்னலின் கடைசிக் கோடும் மறைந்தது.

போகிற வழியில் செல்வம் தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். கவிதாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. குப்பத்தில் தையல் வேலை செய்கிறார். கணவர் ரவிக்கும் அப்படித்தான்; சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். இருவருக்கும் எழுத்துப் படிப்பு குறைவு, சைகைதான் அவர்கள் மொழி. மாதம் இரண்டு முறை ரவி வீட்டுக்கு வருவார். நடுவில் ஒரு வார்த்தை பேச முடியாது. மற்றவர்கள் கரைக்குப் போகும்போது போனில் குரலையாவது கேட்டுவிடுவார்கள். இவர்களுக்கு முகமும் கையும் தெரிய வேண்டும்; கரையில் கிடைக்கும் அரைகுறை சிக்னலில் வீடியோ ஓடாது.

“வேலைய வுட்டுட்டு வந்துடறேன்னு மாமா சொல்லிட்டாரு. இந்த மாசக் கடைசியில அவர பர்மனெண்ட் பண்ணப் போறாங்க, அதக்கூட வாணாங்கறாரு. அக்கா நீ வராதங்குது. நேர்ல பாத்தா ரெண்டு நாள், அதுக்குள்ள கெளம்பற நேரம் வந்துடுது. பேசி முடிக்கவே முடியல.”

அருள் டிஷ்ஷைக் கட்டியிருந்த கயிற்றை மறுபடி இறுக்கினான். அவன் கவலை எனக்குத் தெரியும். இந்த டிஷ் செட்டை வாங்கிக் கொடுத்த தொண்டு அமைப்பின் பட்டியலில் இரண்டு குப்பங்கள் இருந்தன, செட்டு ஒன்றுதான். அன்று சாயங்காலத்துக்குள் இங்கே படம் தெளிவாக வரவில்லை என்றால் கழற்றிக்கொண்டு அடுத்த குப்பத்துக்குப் போகச் சொல்லியிருந்தார்கள்.

குப்பத்தில் நாற்பது வீடுகள் இருக்கும். (ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை.) சமுதாயக் கூடத்துக்குப் பக்கத்தில் இடம் காட்டினார்கள். செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் அது கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே இருப்பதால் மரங்கள் மறைக்காது, வேலை சுலபம் என்றான் அருள். பதினொரு மணிக்கு சிக்னல் பிடித்தும் விட்டான். எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, போய்விட்டது. மறுபடி பிடித்தான், மறுபடி போனது. ஒரு மணிவரை இதே கதை. கேபிளை மாற்றினான், மோடத்தை அணைத்துப் போட்டான், என்னைத் திட்டினான்.

கவிதா காலையிலிருந்தே தையல் மெஷினை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தார். நாங்கள் எல்லாரும் சிக்னல் மீட்டரின் பீப் சத்தத்தையே கவனித்துக்கொண்டிருந்தோம். அவர் ஸ்டாண்டின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று போய் ஒரு நூலில் கத்தரிக்கோலைக் கட்டி எடுத்துவந்து, ஸ்டாண்டின் தலையிலிருந்து தொங்கவிட்டார். காற்று அடித்து ஓய்ந்தது. நூல் ஆடி நின்றபோது, அதற்கும் ஸ்டாண்டின் குழாய்க்கும் நடுவில் இருந்த இடைவெளி ஒரு விரல் அளவு அகன்றிருந்தது. கடல்பக்கத்துக் கால் மணலில் இறங்குகிறது! கண்ணுக்கே தெரியாத அந்தச் சாய்வு போதும், அவ்வளவு தூரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் தவறிப்போக.

அருள் தலையில் கை வைத்துக்கொண்டான். “கட்டைய கொண்டாந்திருந்தா இந்தப் பாடு இல்ல.”

கவிதா செல்வத்தைத் தட்டி வேகவேகமாகக் கைகளால் ஏதோ சொன்னார்.

“பழைய போட்டு பலகை கெடக்குதாம். மூணு காலுக்கும் அடியில போட்டுப் பொதைச்சு, மேல மணல் மூட்டை அடுக்கச் சொல்லுது. மூட்டைய அது தச்சுத் தருமாம்.”

அடுத்த இரண்டு மணி நேரத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஆண்கள் பலகையை இழுத்துவந்து முழங்கால் ஆழத்துக்குக் குழி பறித்தார்கள். பெண்கள் மணல் அள்ளிக் கொட்டினார்கள். நான் சுமந்தேன், இடுப்பு ஒரு வாரம் வலித்தது. கவிதா அரிசிச் சாக்குகளின் வாயை மெஷினில் போட்டு ஒவ்வொன்றாகத் தைத்துக் கொடுத்தார், பதினெட்டு மூட்டை. 3.25க்கு அருள் மறுபடி டிஷ்ஷைத் திருப்பினான். சிக்னல் வந்தது. எல்லாரும் நூலையே பார்த்தோம். காற்று வீசியது. நூல் ஆடியது, குழாய் அசையவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். சிக்னல் நிலைத்துவிட்டது!

முதலில் பேசியது வள்ளியம்மாள், மகளிர் குழுத் தலைவி. திருப்பூரில் இருக்கும் மகனை அழைத்தார். படம் பளிச்சென்று வந்தது, பேச்சுதான் இடித்துக்கொண்டது. குரல் வானத்துக்குப் போய் இறங்கிப் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகிறது. இவர் பேச ஆரம்பிக்கும்போது மகன் குரல் வந்து விழும். “நீ சொல்லு” “இல்ல நீ சொல்லும்மா” என்றே மூன்று நிமிடம் ஓடிவிட்டது. அடுத்துப் பேசிய இரண்டு பேருக்கும் அதே பாடுதான்.

4.10க்குக் கவிதா உட்கார்ந்தார். செல்வம் காலையிலேயே துறையிலிருந்து செய்தி அனுப்பியிருந்ததால், ரவி ஷிஃப்ட் முடிந்து தன் அறையில் தயாராக இருந்தார். திரையில் அவர் முகம் வந்ததும் கவிதா போனை இன்னும் கிட்டே நகர்த்தி வைத்தார். பிறகு ஆரம்பித்தார்கள். அந்த அரை நொடித் தாமதம் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ஒருவர் கை ஓயும்வரை மற்றவர் கண்ணெடுக்காமல் பார்த்திருந்துதான் அவர்கள் எப்போதும் பேசுவது. இத்தனை பேரில் அந்த இணைப்பில் தட்டுத்தடுமாறாமல் பேசியவர்கள் அந்த இருவர்தான்.

கைகள் வேகமெடுத்தன. கவிதாவின் புருவம் நெரிந்தது. எனக்குக் கவலையாகிவிட்டது. “என்ன ஆச்சு?” என்று செல்வத்திடம் கேட்டேன்.

அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார். “சண்டை போடறாங்க சார். நல்லா சண்டை போடறாங்க.”

ரவி இளைத்துப்போனதற்கு முதல் சண்டை. வேலையை விடுகிறேன் என்றதற்கு இரண்டாவது. தினமும் இப்படி முகத்தைப் பார்க்க முடியும் என்றால் எதற்கு விட வேண்டும் என்று கவிதா கேட்க, தினமும் நிச்சயமா என்று ரவி திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். கவிதா போனைத் திருப்பி மணல் மூட்டைகளைக் காட்டினார். ஒவ்வொரு மூட்டையாக. கடைசியில் ரவி இரண்டு கைகளையும் தூக்கிக் காற்றில் படபடவென்று ஆட்டினார். அதுதான் அவர்கள் மொழியில் கைதட்டல் என்று செல்வம் சொன்னார். உடனே குப்பம் முழுக்க, குழந்தைகள் உட்பட, கைகளைத் தூக்கி ஆட்டியது. அருள் திரும்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தான். பிறகு அமைப்புக்குப் படத்தோடு செய்தி அனுப்பினான், இதே இணைப்பிலேயே. ‘செட்டு அங்கேயே இருக்கட்டும்’ என்று பதில் வந்தது.

தண்ணீர் ஏறியிருக்கும்போதே புறப்பட வேண்டும் என்பதால் 5.15க்குப் படகு ஏறினோம். கடலூர் திரும்ப இரவு எட்டு.

சில பயனுள்ள விஷயங்கள். அந்தப் பக்கக் குப்பங்களுக்குப் போக, யாராவது அழைத்திருக்க வேண்டும். வனத்துறை அனுமதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். படகுக்காரர் சொல்லும் நேரத்தை மீறாதீர்கள், நீர் வற்றினால் கழியிலேயே உட்கார வேண்டியதுதான். குடிதண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், தொப்பி கட்டாயம். டிஷ் பொருத்தும் வேலையாகவே போகிறவர்களுக்கு: மணலில் கட்டையை மட்டும் நம்பாதீர்கள், அகலமான பலகை வேண்டும். இது அருள் சொல்லச் சொன்னது. அடுத்த குப்பத்துக்கும் ஒரு செட்டு வாங்கப் பேச்சு நடக்கிறது என்றும் சொன்னான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு மறுபடி போனேன். ரவி பர்மனெண்ட் ஆகிவிட்டார் என்று செல்வம் துறையிலேயே சொல்லிவிட்டார். கடலூரிலிருக்கும் ரவியின் நண்பர்கள் வீட்டுப் பெண்கள், காது கேளாதவர்கள், திரையிலேயே மாடலைக் காட்டி ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறார்களாம். நான் போய்ச் சேர்ந்தபோது கவிதா அப்படி ஒரு அழைப்பில் இருந்தார். வணக்கம் சொல்லலாம் என்று முன்னால் போய் நின்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, உள்ளங்கையை என் பக்கம் நீட்டினார். பேசிக்கொண்டிருக்கிறேன், தெரியவில்லையா? சைகை மொழி தெரியாத எனக்கே அது நன்றாகப் புரிந்தது.