பொலிக்ஸேனி யாரைக் கூப்பிட்டாள்

எங்கள் பக்கத்து வீட்டு அனெஸ்திஸ் மாமா அதிகம் பேசாதவர். மெல்போர்னில் ஒரு வார்ப்பட ஆலையில் ஆயுசு முழுக்க இரும்பு உருக்கியதில் காது பாதி போய்விட்டது. அந்தச் சத்தத்தில் பேசத் தேவையும் இருந்ததில்லை. அவருடைய ஆங்கிலம் பஸ் ஏறவும் சம்பளம் வாங்கவும்தான் போதும். மற்றதெல்லாம் பொலிக்ஸேனி அத்தை பார்த்துக்கொண்டாள். தையல் தொழிற்சாலையில் இத்தாலிக்காரிகளோடும் வெள்ளைக்காரிகளோடும் வாயாடியே ஆங்கிலம் கற்றவள் அவள். டாக்டர் வீடானாலும் மகள் அரிஸ்தேயாவின் பள்ளிக்கூடமானாலும் அவள் முன்னால் நிற்பாள். மாமா தொப்பியைக் கையில் பிடித்தபடி அவள் தோளுக்குப் பின்னால் நிற்பார்.

"எம் புருஷனுக்கு நான்தான் நாக்கு. நான் செத்தா இவர் ஊமை" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இருவரும் எங்களைப் போலவே கிரேக்கர்கள், லெம்னோஸ் தீவிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அரிஸ்தேயா கல்யாணமாகி பெர்த்துக்குப் போய்விட்டாள். கொல்லையில் தக்காளி, அவரை, ஓர் அத்திமரம். ஞாயிற்றுக்கிழமை கோயில். வேறு எதற்கும் அவர்கள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அத்தைக்கு மறதி வந்தபோது முதலில் போனது ஆங்கிலம்தான். முனைக் கடை வியட்நாமியரிடம் கிரேக்கத்தில் பால் கேட்டாள். அவர் முழிக்க, "ஏன்யா, காது கேக்கலையா?" என்று அவரையே திட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கு மாமாவும் நானும் சிரித்தோம். சில மாதங்களில் கடை, பஸ், தொலைக்காட்சி எல்லாமே அவளுக்கு வெறும் இரைச்சலாகிவிட்டன. பிறகு கொல்லையில் அவரைப் பந்தலடியில் அத்தை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாமாவுக்கே இதயம் சரியில்லை.

நம் ஆட்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இடமில்லை. யாராவது கண்ணை மூடினால்தான் ஒரு கட்டில் காலியாகும். அதற்கும் முன்னால் நிறையப் பேர் காத்திருந்தார்கள். கடைசியில் ஊரின் மறுகோடியில் ஓர் இல்லத்தில் இடம் கிடைத்தது. அங்கே கிரேக்கம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஷெரில் என்ற நர்ஸ் அன்பானவள். கோப்பை, கட்டில், கழிப்பறை எல்லாம் படமாகப் போட்ட அட்டை ஒன்றைக் கொண்டுவந்து, வேண்டியதைத் தொட்டுக் காட்டும்படி சைகை செய்தாள். அத்தை அதைத் தெருவில் கொடுக்கிற விளம்பரத் தாள் என்று நினைத்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றதால் மாமா மாதாவின் படத்தைத் தண்ணீர் ஜாடியின் மேல் சாய்த்து வைப்பார். துப்புரவு செய்பவர்கள் அதை எடுத்து இழுப்பறைக்குள் வைப்பார்கள். மறுநாள் வந்து மறுபடி எடுத்து வைப்பார். அங்கே கொடுத்த வெள்ளைக் குழம்பைப் பார்த்தாலே அத்தை உதட்டை இறுக்கிக்கொள்வாள். மாமா வீட்டில் எலுமிச்சையும் முட்டையும் கலந்த சூப் வைத்து, ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, ரயிலும் பஸ்ஸும் மாறி மாறிப் போவார். வெளிச் சாப்பாடு கூடாதென்பது விதி. ஷெரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவர் ஊட்டுவார், அத்தை சாப்பிடுவாள். ஒரு குளிர்காலம் இப்படியே போனது.

அப்புறம் அந்த இல்லத்தில் வாந்தியும் பேதியும் பரவியது. பார்வையாளர்கள் யாரும் உள்ளே வரக் கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். மாமா அப்படியும் போனார். பூச்செடிகளை மிதித்துக்கொண்டு அவளுடைய ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்புவார்.

"வாய் ஓயாம ஆடுது. என்னைத்தான் திட்டுறா. சூப்பைக் காணோம்னு கோவம். நல்லாத்தான் இருக்கா" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் சொன்னார். கண்ணாடிக்கு அப்பால் இருந்தது அவள் குரல். இவர் காதுக்கு எதுவும் எட்டவில்லை.

இதற்கு நடுவில் ஒருநாள் மதியம் கைபேசியைக் கையில் ஏந்தியபடி என் சமையலறைக்கு வந்தார். "அந்த நர்ஸம்மா. என்னமோ பேர் கேக்குறா, எனக்குப் பிடிபடல. நீ பேசு, பொண்ணே" என்றார். அவருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டேன். ஷெரில் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. அம்மா ஒருத்தரைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. ராத்திரி பகல்னு இல்ல. அவங்க மகனா? தம்பியா? வெளியூர்ல இருந்தாலும் சரி, போன்லயாவது பேசச் சொன்னா மனசு ஆறும். பொனாவோன்னு பேரு. யாருங்க அந்தப் பொனாவோ?"

மாமாவைப் பார்த்தேன். அந்த ஒரு சொல் அவர் காதில் விழுந்துவிட்டது. எங்கள் பாஷையில் அது யார் பெயரும் இல்லை. 'வலிக்குது' என்று அர்த்தம்.

நான் கார் ஓட்டினேன். வழியெல்லாம் மாமா தொப்பியைக் கசக்கிக்கொண்டே வந்தார். வாசலில் இருந்த பெண் விதியைச் சொல்லித் தடுத்தாள். நான் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தேன். மாமா நேராக ஜன்னலுக்குப் போய் உள்ளங்கையால் கண்ணாடியை அடிக்கத் தொடங்கினார். உள்ளேயிருந்து ஷெரில் பார்த்தாள். பக்கக் கதவை அவளே திறந்தாள்.

அத்தை பாதி மயக்கத்தில் கிடந்தாள். ஓயாமல் கூப்பிடுகிறாள், மனக்கலக்கம் என்று டாக்டர் அமைதி மாத்திரை எழுதியிருந்தார். மாத்திரையையும் மீறி உதடு அசைந்தது. "பொனாவோ, பொனாவோ." மாமா போர்வையை விலக்கினார். எங்கே என்று கேட்டபடி இடுப்பைத் தொட்டார், முழங்காலைத் தொட்டார். அவள் தலையசைக்கவில்லை. கம்பளிக் காலுறையைக் கழற்றியபோதுதான் நாற்றம் வந்தது. குதிகாலில் படுக்கைப் புண், கறுத்து, ஆழமாக.

ஷெரில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நோய் பரவியதில் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை, வந்தவர்கள் தினம் ஒரு புதுமுகம், காலுறையை யாரும் கழற்றவில்லை என்று ஏதேதோ சொன்னாள். மாமா அவளைத் திட்டவில்லை. என்னிடம் திரும்பி, "இவகிட்ட சொல்லு. அவ மறைக்கல. எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா" என்றார். நான் மொழிபெயர்த்தேன். பிறகு தனக்கே சொல்வதுபோல, "என்கிட்டயும் சொன்னா. நான் திட்டுறான்னு நெனச்சேன்" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். உயிர் தங்கியது. ஆனால் மயக்கம் தெளிந்த பிறகு அத்தை பேசவே இல்லை. தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை, பேச்சை அவளே விட்டிருக்கலாம் என்றார்கள். அரிஸ்தேயா பெர்த்திலிருந்து ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து கிரேக்கத்தில் கெஞ்சினாள். அத்தை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் நம் ஆட்களின் இல்லத்திலிருந்து அழைப்பு வந்தது. கட்டில் காலியாகிவிட்டதாம்.

அங்கே மாதாவின் படத்துக்குச் சுவரில் ஆணி தயாராக இருந்தது. நடைவழியெங்கும் வெங்காயமும் தக்காளியும் வதங்கும் வாசனை. லெமோனியா என்ற பணிப்பெண் குனிந்து அத்தையின் கன்னத்தைத் தடவி, "எங்கம்மா வலிக்குது? எங்கிட்ட சொல்லு, தங்கம்" என்று கேட்டாள். இத்தனை மாதத்தில் பார்த்துக்கொண்டவர்கள் யாரும் அவள் பாஷையில் இப்படிக் கேட்டதில்லை. அத்தை பதில் சொல்லவில்லை.

மாமா அவள் கையைப் பிடித்து உலுக்கினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "சொல்லேன், பொலிக்ஸேனி. இங்க எல்லாருக்கும் புரியும். என்னைத் திட்டு. எதையாவது சொல்லு."

ஊட்டினால் விழுங்கினாள். ஈஸ்டருக்கு எங்கள் வழக்கப்படி சாயம் தோய்த்த சிவப்பு முட்டையை உள்ளங்கையில் வைத்தபோது விரல் மூடவில்லை, முட்டை மடியில் உருண்டது. வெயில் தணிந்து மழை தொடங்கிய மாதத்தில் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் மாமா தன் பெயரைப் பதியச் சொல்லி நம் ஆட்களின் இல்லத்துக்குப் போனார். அலுவலகப் பெண் ஏற இறங்கப் பார்த்தாள். நடக்கிறீர்கள், சமைக்கிறீர்கள், உங்களுக்கு ஏன் இப்போது, பின்னால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். தன்னோடு பெர்த்துக்கு வந்துவிடும்படி அரிஸ்தேயா கூப்பிட்டாள். அவள் பிள்ளைகளுக்கு கிரேக்கத்தில் காலை வணக்கம் சொல்லத் தெரியும், அவ்வளவுதான். அவர் மறுத்துவிட்டார்.

போன வாரம் மருந்துக்கடையில் இருமலுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று அவருக்கு வரவில்லை. இருமிக் காட்டி மருந்து வாங்கி வந்தார். என்னிடம் அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

இப்போதும் தினம் காலையில் கிளம்பி அந்த இல்லத்துக்குத்தான் போகிறார். கூடத்தில் உட்கார்ந்து கிழவர்களோடு பகடை ஆடுகிறார். கை நடுங்குகிறவர்களுக்கு ஊட்டிவிடுகிறார். லெமோனியாவிடம் வெயில், மழை, விலைவாசி என்று எதையாவது பேசிக்கொண்டே இருக்கிறாராம். ஊமை என்று அத்தை கேலி செய்த மனிதர்.

எதுக்கு மாமா தினமும் இவ்வளவு தூரம் என்று ஒருநாள் கேட்டேன்.

"என் பேச்சு அவங்களுக்குப் பழகட்டும், பொண்ணே. காது பழகிட்டா, பின்னாடி நான் எதைக் கேட்டாலும் புரியுமில்ல" என்றார்.