‘சாடினான்’ என்று எழுதிய தாளில் என் கையெழுத்து

நான் பொய் சொல்லவில்லை. பொய்யின் கீழே கையெழுத்துப் போட்டேன். தெரிந்தே போட்டேன்!

ஏன் என்று கேட்பாய். பயம் என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிவந்தேன். இல்லை... பொறாமை. ஐம்பதை நெருங்கும் தமிழாசிரியை நான். பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் மகன் ஜெபின்மேல் எனக்குப் பொறாமை.

அன்று பள்ளி விட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். மண்டைக்காடு தாண்டியதும் வளைவில் வாகனச் சோதனை. ஜெபினின் காரை மறித்திருந்தார்கள். ஒரு காவலர் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினார். ஜெபின் கதவைத் திறந்து கீழே குதித்தான். யாரையும் தொடவில்லை. நான் பார்த்தேன்.

“சாவிய எடுக்கப்பிடாது சார். ஆர்சி, லைசென்ஸ் எல்லாம் இருக்கு, பாருங்க. டிக்கிய பாக்கணும்னா எதுக்குன்னு சொல்லுங்க. ஊர்க்காரங்க ரெண்டு பேரு சாட்சிக்கு வேணும்லா?”

“பெரிய வக்கீலாடா நீ?” என்றார் எஸ்.ஐ. வடக்கே ஏதோ மாவட்டத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர்.

“வக்கீல் இல்ல சார். வண்டிக்காரன்.”

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்போதுதான் என்னைக் கண்டான். “டீச்சர் மாமி, ஒண்ணு நில்லுங்க! நீங்க இருந்தா எனக்குப் பயமில்ல.”

நின்றவர்கள் அவன் பக்கம் நின்று சிரித்த அந்தச் சிரிப்புதான் என்னைச் சுட்டது.

அதற்கு இரண்டு மாதம் முன் அதே வளைவில் என் மகன் அனிஷை நிறுத்தினார்கள். தாள்கள் எல்லாம் சரியாக இருந்தும் கன்னத்தில் ஓர் அறை. அறைந்தவரிடம் ‘சாரி சார்’ சொல்லிவிட்டு வந்தான் என் பிள்ளை. “எதுத்துப் பேசாத மக்கா, கும்பிட்டுட்டு வந்திரு” என்று பழக்கியவள் நான்தானே! மீன் விற்று வளர்த்த ஸ்டெல்லாவின் பிள்ளை நிமிர்ந்து நிற்கிறான். புத்தகம் கொடுத்து நான் வளர்த்தவன்...?

டிக்கியில் ஒரு புதுப் பெட்டி மட்டும் இருந்தது. கத்தார் வேலைக்குப் போக வாங்கியது. அனிஷ் வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்க, அதுவும் என்னைக் குத்தியது.

“சாவிய எடுத்ததும் இவன் என்னம்மா பண்ணான்?” எஸ்.ஐ. கேட்டார்.

“கதவத் தொறந்து சாடினான் சார்.”

எங்கள் ஊரில் சாடுவது என்றால் குதிப்பது. ஜெபின்கூட ஆமென்று தலையாட்டினான். அதுவரை என்னிடம் குற்றமில்லை. சத்தியம்!

எஸ்.ஐ. எழுதி நீட்டினார். ‘சாவியை எடுத்த காவலரைச் சாடினான்.’ இன்னொரு சாட்சியாக நிறுத்திய டீக்கடைக்காரர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஜெபின் பெட்டியைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தான். நான் வாசித்தேன்... எழுத்து மொழியில் சாடுவது என்றால் தாக்குவது. ஆண்டுதோறும் வகுப்பில் இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுப்பவள் நான்! ‘குதித்தான் என்று மாற்றுங்கள் சார்’... அவ்வளவுதானே சொல்ல வேண்டியிருந்தது?

இவனும் ஒருமுறை தலைகுனிந்து வரட்டும் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

காவலரைத் தாக்கியதாக வழக்கானது. வழக்கு இருப்பதால் வெளிநாட்டுக்கு வேண்டிய போலீஸ் சான்றிதழ் கிடைக்கவில்லை. வேலை வேறொருவனுக்குப் போனது. அவன் விமானம் ஏறவேண்டிய நாள் கடந்தபோது எனக்குள் ஓர் ஆறுதல்... இரண்டு பிள்ளைகளும் இப்போது வீட்டில்தானே! இதையும் உன்னிடம் மறைக்கமாட்டேன்.

போன வாரம் ஸ்டெல்லா அந்தத் தாளின் நகலோடு வந்தாள்.

“பாத்தியளா டீச்சரக்கா, எம்பிள்ள போலீச அடிச்சானாம்! கீழ ஒங்க கையெழுத்தயும் அவனுவளே போட்டிருக்கானுவ!”

வாங்கிப் பார்த்தேன். நடுங்காத, அழகான கையெழுத்து.

“இது எனக்க கையெழுத்தில்ல ஸ்டெல்லா.”

“எனக்குத் தெரியும்லா!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “இத மட்டும் கோர்ட்டுல வந்து சொல்லிருவியளா?”

தலையசைத்தேன். அவள் படியிறங்கிப் போன பிறகும் அசைத்துக்கொண்டே இருந்தேன்.