உயிருள்ள தும்பியைப் படம் எடுத்தவர்

போன புதன்கிழமை காலை மாசிலாமணி அண்ணனின் மச்சான் ஸ்கெலட்டன் குடியிருப்பிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். "மாமா போய்ட்டாருங்க. மூணு நாளா காய்ச்சல். அக்கா உங்களப் படப்பெட்டிய எடுத்துக்கினு வரச் சொல்லிச்சு" என்றார். இந்தத் தங்கவயலில் யார் செத்தாலும் நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்துக் கொடுத்த மனிதருக்கு, தன் வீட்டில் மாட்ட ஒரு படம் கிடையாது. சாயங்காலம் அடக்கம். அதற்குள் எடுத்தாக வேண்டும்.

அவரும் நானும் சுரங்க ஆபீசில் படம் எடுப்பவர்கள். ஷாஃப்ட் குழி, இயந்திரம், துரைமார் விருந்து, விபத்தில் போனவர்கள், எல்லாம் எங்கள் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவார், தும்பியைப் படம் எடுக்க! நான் கேலி செய்தால், "செத்தவங்கள எடுக்கச் சம்பளம் தராங்க. உசுரோட இருக்கறத என் ஆசைக்கு எடுக்கறேன். உனக்கு இன்னாபா?" என்பார்.

தும்பி நமக்காக நிற்குமா? கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, உருவத்தைச் சரிபார்த்து, கண்ணாடி பிளேட்டைச் செருகுவதற்குள் பறந்துவிடும். ஆனால் பறந்தது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே குச்சிக்குத் திரும்பி வரும் என்று அவர் கண்டுகொண்டார். வெறுங்குச்சிக்கு நேராகப் பெட்டியைத் தயாராக வைத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் காத்திருப்பார். அட்டை கடித்தாலும் அசையமாட்டார். கரையில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்குத்தான் இடுப்பு விட்டுப்போகும்.

ஒருமுறை பெங்களூர்க் கண்காட்சிக்கு அனுப்ப ஒரு துரை தும்பிப் படம் கேட்டிருந்தார். ஆறு ஞாயிறு போயிற்று, ஒன்றும் அமையவில்லை. பொறுக்க முடியாமல், செத்த தும்பி ஒன்றைப் பசை தடவிக் குச்சியில் ஒட்டிவைத்தேன். துணிக்குள் போனவர் உள்ளேயே சிரித்தார். "யோவ், ஆறு காலையும் ஊணிக்கினு நிக்குதே! இது உக்காந்தா முன்னங்கால் ரெண்டையும் மடிச்சிக் கழுத்தாண்ட வெச்சிக்கும். பாவம், யாருய்யா இத நிக்கவெச்சது?" என்றார். எனக்கு மானம் போயிற்று. துரைக்குப் படம் போகவில்லை. அதற்காக அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

புதன்கிழமை நான் போனபோது அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைக் கட்டி, மாலை போட்டிருந்தார்கள். துணிக்குள் தலையை விட்டேன். பெட்டியின் பின்கண்ணாடியில் தலைகீழாக அண்ணன். அப்படி அசையாமல் அவர் என் பெட்டிக்கு முன் என்றைக்கும் நின்றதில்லை. போன வருஷம் ஏரிக்கரையில் அவரைக் கெஞ்சி நிற்கவைத்து லென்ஸ் மூடியை எடுத்தேன். தோளருகே ஒரு தும்பி வந்தது. மனிதர் திரும்பிவிட்டார்! முகம் கலங்கிய பிளேட்டை அச்சுப் போடாமலே வைத்திருந்தேன்.

துணியை விலக்கி வெளியே வந்தேன். "அண்ணி, என்னால முடியலை. உசுரோட எடுத்தது ஒண்ணு இருக்கு. பாத்துட்டுச் சொல்லுங்க. வேணாம்னா இந்தப் படத்தையே எடுத்துடறேன்" என்றேன். கோரமண்டலில் என் வீட்டுக்கு ஓடினேன். உச்சி வெயிலில் அச்சுப் போட்டு, ஈரம் காயுமுன் கொண்டுவந்து கொடுத்தேன்.

மச்சான் எட்டிப் பார்த்தார். "மூஞ்சே தெரியலியே அக்கா. பொதைச்சிட்டா அப்புறம் கெடைக்காது."

அண்ணி வெகுநேரம் பார்த்தார். "நான் கூப்ட்டாலும் இப்படித்தான்டா திரும்புவாரு" என்றார். பிறகுதான் அழுதார். "மாமாவ எறக்கிப் படுக்க வைங்க. எவ்ளோ நேரம் உக்காந்திருப்பாரு?"

படம் அண்ணி வீட்டுச் சுவரில் இருக்கிறது. கண்ணாடி பிளேட் என்னிடம் இருக்கிறது. அவரோடு பழகிய உங்களில் யார் கேட்டாலும் பிரதி போட்டுத் தருகிறேன். முகம் தெரியவில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.