இருபது பைசாவுக்குக் காத்திருந்த லிஃப்ட்

கட்டி முடியாத ஒரு வீட்டைத் தனசேகர் தலையில் கட்டிவிட்டுத்தான் நான் கனடாவுக்கு விமானம் ஏறினேன். தெரிந்தேதான் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

இங்கே ஸ்கார்பரோவில் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே, ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்று கைபேசியில் பார்ப்பேன். வெளிநாட்டில் இருக்கிற உங்களில் பலரும் பார்ப்பீர்கள், மறுக்க வேண்டாம். ரூபாய் இறங்கியிருந்தால் அன்றைய காப்பி கூடுதலாக இனிக்கும். அப்படி இனித்த ஒரு நாள், வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்த என்னிடம் பக்கத்து வீட்டு மார்கரெட் என்ன விசேஷம் என்று கேட்டாள். எங்கள் நாட்டுப் பணம் நேற்று நன்றாக விழுந்துவிட்டது என்றேன். அவள் மண்வாரியைக் கீழே போட்டுவிட்டு, "ஐயம் ஸோ ஸாரி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாலையில் ஆறுதலாக ஆப்பிள் கேக் ஒன்றும் கொண்டுவந்தாள். நான் எதையும் விளக்கவில்லை. கேக்கை மகளும் நானும் இரண்டு நாளில் தீர்த்தோம்.

தனசேகரும் நானும் கல்பாக்கத்தில் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்தோம். நான் அதிகாரி, அவர் டெக்னீஷியன். அவருக்குச் செய்யூர் பக்கம். பெற்றோர் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் சொந்தமாக ஒரு சதுர அடி இருந்ததில்லை. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும் என்பதால் வீடு தேடிக்கொண்டிருந்தார். எனக்கு ஊரப்பாக்கத்தில் நான்காவது மாடியில் ஒரு ஃபிளாட் பதிவாகியிருந்தது. ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனேன். மூன்று வாரமாகக் கொத்தனாருக்குக் கூலி வரவில்லை, சிமெண்ட் லாரியும் வரவில்லை என்றார் வாட்ச்மேன். ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. பதிவு செய்தவர்கள் தவணை கட்டவில்லை. புதிதாக வாங்கவும் ஆள் இல்லை. கட்டடம் நின்றுவிடும் என்று எனக்கு அன்றே புரிந்துவிட்டது.

திங்கட்கிழமை தனசேகரிடம், மகளோடு இருக்கக் கனடா போகிறேன், ஃபிளாட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கனடா போவது உண்மை. வாட்ச்மேன் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. "உங்க கையால வாங்கறது ராசி சார்" என்று அவர் இனிப்புப் பெட்டி கொண்டுவந்தார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

அவர் தந்த பணம் டாலராகி, இங்கே வங்கியில் சும்மா கிடந்தே வளர்ந்தது. அங்கே கட்டடம் ஆறு வருடம் வெறும் தூண்களாக நின்றது. தனசேகர் கடன் தவணையும் கட்டினார், வாடகையும் கட்டினார். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு முட்டைக்குழம்பாகிப்போன கதையை அவர் மனைவி எஸ்தர் பின்னால் எனக்குச் சொன்னார்.

போன வருடம் மனம் பொறுக்காமல் ஊரப்பாக்கம் போனேன். தனசேகர் கொடுத்ததற்கு மேலேயே கொடுத்து ஃபிளாட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகத் திட்டம். பில்டர் கைவிட்ட கட்டடத்தை ஃபிளாட் வாங்கியவர்களே சேர்ந்து முடித்திருந்தார்கள். ஜன்னல் கதவுகூட இல்லாதபோதே, பதினெட்டுக் குடும்பங்களும் கார் நிறுத்துமிடத்தில் ஒரே அண்டாவில் பால் காய்ச்சிக் குடிபுகுந்துவிட்டார்களாம். ஐயர் மந்திரத்தை முடித்ததும் பாஸ்டர் ஜெபம் செய்தாராம். பிறகு அவரவர் வசதிப்படி தரை போட்டதில் மாடிக்கு மாடி வேறு நிறம். லிஃப்டுக்குத்தான் காசு எட்டவில்லை. அதற்கு விட்ட இடம் கிணறுபோலத் திறந்து கிடந்தது. முழங்கால் போய்விட்ட தனசேகர் சர்ச்சுக்கு மட்டும் இறங்குவார். திரும்பி ஏற அரைமணி நேரம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தனசேகர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தர்தான் பேசினார்.

"அந்த வாட்ச்மேன் எங்களாண்டயும் சொல்லிட்டாரு சார். உங்களுக்கு முன்னாடியே தெரியும்னும் சொன்னாரு."

"அப்புறமும் எனக்கு கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினீங்களே?"

"அனுப்புனது இவரு. நான் திட்டிக்கினுதான் இருந்தேன்."

ஃபிளாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"குடுத்துட்டு நாங்க எங்க போறது? பால் காய்ச்சுன வூடு சார் இது. மனசு கேக்கலன்னா அந்தக் குழியில ஒரு லிஃப்டப் போடுங்க. இவரு முட்டியப் பாருங்க."

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஸ்கார்பரோ திரும்பினேன். பணம் அனுப்ப வேண்டிய அன்று காலை வழக்கம்போல ரேட்டைப் பார்த்தேன். ரூபாய் இறங்குமுகம். இன்னும் இருபது பைசா இறங்கட்டும் என்று தோன்றியது. இறங்கியது. இன்னும் இருபது என்றேன். இப்படியே ஐந்து வாரம். அங்கே ஒரு மனிதர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார். பிறகு எஸ்தர் போன் செய்தார்.

"மோட்டாரு வெளிநாட்டுச் சரக்காம் சார். டாலரு ஏறிச்சின்னு வெலைய ஏத்திட்டான். நீங்க இன்னா, ரேட்டு பாத்துக்கினு கீறீங்களா?"

அந்த நிமிடமே அனுப்பினேன். நான் காப்பியோடு கொண்டாடிய சரிவு, மிச்சம் பிடித்ததை விழுங்கிவிட்டு மேலும் கேட்டது. எழுபத்தொரு வயதில், படித்த படிப்புக்கு, இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பொங்கலுக்குப் போனேன். கம்பிக் கதவு போட்ட சின்ன லிஃப்ட். தனசேகர் தினமும் இரண்டு வேளை இறங்கி ரயிலடிவரை நடக்கிறாராம். நான் ஏறிய அன்று மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கரண்ட் போய்விட்டது. கீழே மூன்றாம் மாடிக்கு என் பாதங்கள் மட்டும் தெரிந்தன. மேலே நான்காம் மாடித் தரைக்குச் சற்று மேலே என் தலை.

"யாரோ ஃபாரின்காரரு மாட்டிக்கினு கீறாரு" என்று கீழே ஒரு பெண் குரல் கொடுத்தாள். என் பனிக்கால பூட்ஸைப் பார்த்திருக்கிறாள்.

"ஃபாரினும் இல்ல ஒண்ணும் இல்ல. நம்ம சாரு" என்றார் மேலே தரையில் உட்கார்ந்து என் வழுக்கையைப் பார்த்த எஸ்தர். கம்பி இடுக்கில் காப்பித் தம்ளரை நீட்டினார். பாதி என் சட்டையில் கொட்டியது.

தனசேகர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் குனிந்தார். "இன்னிக்கு டாலரு எவ்ளோ சார்?"

"பாக்கல தனசேகர்."

அவர் நம்பவில்லை. எஸ்தரும் நம்பவில்லை. கீழே பூட்ஸைச் சுற்றிக் கூட்டம் கூடுகிற சத்தம் கேட்டது. மீதிக் காப்பியைக் குடித்தபடி, கரண்ட் மெதுவாகவே வரட்டும் என்று நின்றேன்.