மல்லாட்டை மூட்டைக்கு ஒரு சீட் பெல்ட்

என் காரின் இடப்பக்க முன் இருக்கையில் ஒரு மல்லாட்டை மூட்டை, அதாவது நிலக்கடலை மூட்டை, உட்கார்ந்திருக்கிறது. சீட் பெல்ட்டும் போட்டிருக்கிறது. போடாவிட்டால் வண்டி விடாமல் கத்தும். விழுப்புரம் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் என் பட்டறைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "இன்னா சார், மல்லாட்டைக்கு ஊரு சுத்திக் காட்றீங்களா?" என்று ஒருவர் கேட்டார். அது என் மச்சானின் இடம், அவன் இல்லாத நாளில் மூட்டை உட்காரும் என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள். மீதியைக் கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. காணை என்ற ஊருக்குப் பக்கத்தில் கரும்பும் மல்லாட்டையும் போடுகிற வீடு. அவனுக்கு நிலத்தில் நாட்டமில்லை, எஞ்சின் சத்தம் கேட்டால் போதும். நான் டர்போ வைத்த கார்களுக்கு வேகம் கூட்டும் சாமான்கள் பொருத்துகிற தொழிலில் இறங்கியபோது, அழைக்காமலே வந்து ஒட்டிக்கொண்டான். டர்போ என்பது வெளியே போகிற புகையின் விசையாலேயே சுழன்று, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி. அதற்கு உதவியாக விதவிதமான ஃபில்டர், குழாய், அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் பெரிய இன்டர்கூலர் என்று சந்தையில் என்னென்னவோ வருகின்றன. பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பி விற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. என் சொந்தக் காரில் மாட்டி, ஓட்டிப் பார்த்து, பலன் இருந்தால்தான் விற்பது என்று வைத்துக்கொண்டேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்புவோம். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் திண்டிவனம் பக்கம் நேராகப் போகும் சாலையில் ஓரிடம். ஐந்தாவது கியரில் வேகம் அறுபதிலிருந்து நூறுக்கு ஏற எத்தனை நொடி ஆகிறது என்பதுதான் கணக்கு, அதற்கு மேல் ஒரு புள்ளி கூடப் போகமாட்டோம். காற்றும் மேடுபள்ளமும் ஏமாற்றாமலிருக்க, போகும்போது மூன்று முறை, திரும்பும்போது மூன்று முறை. டேங்க் நிறைய டீசல், ஏசி கிடையாது, கண்ணாடி நான்கும் மூடியிருக்கும். நான் ஓட்டுவேன். மச்சான் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நொடிகளைப் படிப்பான். எண்பத்தைந்து கிலோ ஆள், அவன் ஏறினாலே வண்டி ஒரு பக்கம் சாயும். "டேய், நீ எறங்கினா போதும்டா, ஒரு பார்ட்டும் வேணாம், வண்டி பறக்கும்" என்று நான் சொல்லாத வாரமில்லை. எத்தனை வாரம் அப்படிச் சொல்லிச் சிரித்தேன் என்று இன்றைக்கும் எண்ணிப் பார்க்கிறேன்.

ஆவணியில் தொடங்கினோம். ஒன்றும் மாட்டாத காருக்கு முதலில் பதிமூன்றரை நொடி ஆனது. ஃபில்டர் போட்டபோது நொடியில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. கார்த்திகையில் இன்டர்கூலர் மாட்டினோம், இன்னொரு பங்கு குறைந்தது. "பாருங்க மாமா, இன்னொரு பாயிண்ட் எறங்கிட்ச்சு" என்று அவன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. "புகைதான் மாமா, பட்டறைல நாள் பூரா குந்தினுகீறோம் இல்ல" என்றான். நானும் ஆமாம் என்றேன். அவன் இடுப்பு பெல்ட்டில் பட்டறை ஆணியாலேயே புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். டயட் என்றான். நைட்டுக்கு ரெண்டு சப்பாத்திதான் என்றான். என் மனைவி கவலைப்பட்டபோது, "இளைச்சா நல்லதுதானே, விடு" என்று அவள் வாயை அடைத்தவனும் நான்தான்.

தை பிறந்ததும் கடைசிச் சோதனை. மாட்டியதையெல்லாம் கழற்றிவிட்டு, பழைய சாமான்களையே போட்டு மறுபடி ஓட்டவேண்டும். வண்டி பழையபடி பதிமூன்றரைக்குத் திரும்பினால்தான் முன்னேற்றம் சாமானால் வந்தது என்று பொருள். திரும்பவில்லை. ஒன்றுமே மாட்டாத வண்டி, எல்லாம் மாட்டிய வண்டியின் வேகத்திலேயே ஓடியது. குளிர்ந்த காற்றில் எஞ்சின் வேகமாக ஓடுமே என்று பார்த்தால், அதை முன்பே கணக்கில் கழித்துத்தான் வைத்திருந்தோம். டயர் காற்றைப் பார்த்தோம். அதுவும் சரி. மிச்சம் இருந்தது எடை.

ஆவணியில் தொடங்கும்போது இருவரும் உட்கார்ந்தபடியே வண்டியை எடை போட்ட, கரும்பு லாரிகள் நிற்கும் எடைமேடைக்கே போனோம். அதை நடத்தும் அம்மா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சீட்டை நீட்டினார். ஆவணிச் சீட்டில் ஆயிரத்து முந்நூற்றுப் பத்து. இதில் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. இருபது கிலோ எங்கே போயிற்று? டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது. உங்கள் மெஷினில்தான் கோளாறு என்று அந்த அம்மாவிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எழுந்து வெளியே வந்து, காருக்குள் உட்கார்ந்திருந்தவனைக் குனிந்து பார்த்தார்.

"மெஷின்ல ஒண்ணும் இல்லீங்க. வண்டியும் எளைக்கல. இந்தத் தம்பிதான் எளைச்சிருக்காரு. போன தபா வந்தப்ப மூஞ்சி இப்டியா இருந்துச்சு? அவர எறங்கச் சொல்லிட்டு ஒரு எடை போடுங்க."

மச்சான் சிரித்துக்கொண்டே இறங்கினான். எடை போட்டோம். அறுபத்தைந்து கிலோதான் குறைந்தது, ஆவணியில் எண்பத்தைந்து இருந்தவன். அந்த வெயிலில், மேடை ஓரத்தில், அவன் சட்டை தோளிலிருந்து தொங்குவதை நான் முதல் முறையாகப் பார்த்தேன். "சாயந்திரமானா ஜுரம் வருது மாமா. அக்கா கிட்ட சொல்லாதீங்க" என்றான் மெல்ல.

அன்றே அவனை அரசு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சளியைச் சோதித்தார்கள். காசநோய். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும், ஆறு மாதம் ஒரு வேளை தவறாமல் மாத்திரை போட்டால் பிழைத்துக்கொள்வான் என்றார் டாக்டர். எங்கள் எல்லோரையும் சோதித்ததில் எங்களுக்கு ஒன்றுமில்லை.  மூன்றாம் நாள் என் மனைவி கேட்டாள். "கால் நொடி, அரை நொடின்னு கண்டுபுடிக்கிறீங்க. பக்கத்துல குந்தினு வர்றவன் பாதியாப் போனது தெரியலியா?" 

அவன் படுத்திருந்த மாதங்களில் வேலை நிற்கவில்லை. வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் வீட்டிலிருந்தே உரித்த மல்லாட்டை வாங்கிவந்து, ஒரு பெரிய சாக்கில் கட்டி, அவன் இடத்தில் உட்காரவைத்தேன். மூட்டையை அறுபத்தைந்து கிலோவுக்குக் கட்டக் கை வரவில்லை. பழைய எண்பத்தைந்துக்கே கட்டினேன். அந்த எடையில் ஓட்டிப் பார்த்தபோது ஃபில்டருக்கும் இன்டர்கூலருக்கும் பலன் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஆடியில் ஆறு மாத மாத்திரை முடிந்தது, குணமாகிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். அடுத்த ஞாயிறு மூட்டையை இறக்கிவிட்டு மச்சான் ஏறினான். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. கூட்டேரிப்பட்டு தாண்டி ஆறு முறை ஓட்டினோம். லேப்டாப்பைப் பார்த்தவன் முகம் தொங்கிவிட்டது. "பதிமூணரை மாமா. வண்டி டல்லாயிட்ச்சு" என்றான். ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். இன்னாச்சு மாமா, இன்னாச்சு மாமா என்று அவன் பதறிக்கொண்டிருந்தான். ஒரு கார் மெதுவாக ஓடியதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இப்போது அவனுக்கு ஓசூரில் நல்ல வேலை. மூட்டை மறுபடி அவன் இடத்துக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை தோறும் போன் செய்வேன். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் எடை என்ன என்றுதான் கேட்பேன். "உங்களோட ஒரே பேஜாரு மாமா" என்று அலுத்துக்கொண்டே எடை மெஷினில் ஏறி நின்று சொல்வான். போன வாரம் எண்பத்தேழு என்றான். போனை வைத்ததும் பட்டறைக்குப் போய், மூட்டை வாயை அவிழ்த்து, இரண்டு கிலோ மல்லாட்டை அள்ளிப் போட்டுக் கட்டினேன். பிறகு சீட் பெல்ட்டை மாட்டிவிட்டேன்.